பாலமும் பிழைப்பும்

தனுஷ்கோடியின் மணல்வெளியில் எஞ்சி நிற்கும் இடிபாடுகளுள் இரண்டு நம் கண்ணை முதலில் ஈர்க்கின்றன. ஒன்று, பவளப்பாறைக் கற்களால் கட்டப்பெற்று, கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் தேவாலயம். மற்றொன்று, இரயில் நிலையத்தின் சிதைந்த சுவர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாட்கள் இருக்கையில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் இவ்வூரை ஒரே அலைவீச்சில் வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு முன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவ்வூர் இரண்டு நாடுகளை இணைக்கும் வாயிலாக இருந்தது. சென்னையில் ஏறியவர்கள் இங்கு இறங்கிக் கப்பலேறினர். கொழும்பில் ஏறியவர்கள் இங்கு வந்து இந்திய மண்ணை மிதித்தனர்.

அண்மையில் அங்குச் சென்றிருந்தபோது, வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். புயலின்போது தமக்குப் பத்து வயதிருக்கலாம் என்றார். “வண்டி வந்து நின்னா கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்யா. எங்கப்பா பொரிச்ச மீன் விப்பாரு. கப்பல் கெளம்பிருச்சுன்னா திரும்பவும் நாங்களும் காக்காயும்தான்” என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். புயலைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார் போலும்.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய இரயில் பாலம் திறந்துவைக்கப்பட்டது. ரூ.500 கோடிக்கும் மேற்பட்ட செலவில், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும்படி அமைக்கப்பெற்ற பாலம் அது. வட்டாரத்தின் வளர்ச்சிக்கு இது வழிகோலும் என்று விழாவில் பேசப்பட்டதை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். 1914இல் பழைய பாலம் திறக்கப்பட்டபோதும் இத்தகைய நம்பிக்கைகள் இல்லாமலிருந்திருக்க முடியாது. எனவே பெரிய பாதைகள், பாலங்கள், துறைமுகங்கள் ஒரு வட்டாரத்திற்கு எதைக் கொண்டுவந்தன, எதைக் கொண்டுபோயின என்று மன்னார் வளைகுடாக் கரையில் நின்று திரும்பிப் பார்ப்பது இவ்வேளையில் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

பாலத்திற்கு முன்னரும் இக்கரை வழியற்ற கரையாக இருந்ததில்லை. இராமேசுவரத்திற்கு வரும் யாத்திரிகர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடந்து வந்தனர். சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். ஒவ்வொரு தங்கலிலும் அரிசி விற்றது, விறகு விற்றது, வண்டிமாடு வாடகைக்குப் போயிற்று. கடலைக் கடக்கப் படகுகள் இருந்தன. நம் பரதவ மக்களுக்கோ கடல் எல்லையாகவே தோன்றியதில்லை. கச்சத்தீவின் அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையினரும் இன்றும் படகில் போய்க் கூடுவது அந்தப் பழைய உறவின் மிச்சம்தான்.

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை வந்தது. நடந்து வந்தவர் வண்டியில் வந்தார். வாரங்கள் ஓர் இரவாகச் சுருங்கின. யாத்திரிகருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் இடையில் எங்கும் தங்கவில்லை. தங்காதவர் எதையும் வாங்குவதில்லை. விரைவு என்பது இடைவழி ஊர்களைப் பொறுத்தவரை ஓர் இழப்பாகவும் இருக்கக்கூடும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இக்காலத்தில் நாற்கரச் சாலைகள் புறவழியாகத் திரும்பிய ஊர்களின் தேநீர்க் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, கடலின்மேல் பாலம் கட்டும் அளவுக்குத் தேவை யாருக்கு இருந்தது? இதற்கு விடை காண மன்னார்க் கடலைத் தாண்டி இலங்கையின் மலைகளுக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் அங்கே ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் திறந்தனர். மலையைத் திருத்தவும் பழம் பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து வறட்சிக்கும் கடனுக்கும் அஞ்சிய ஏழைகள் கங்காணிகளின் பின்னே புறப்பட்டனர். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். தண்ணீரின்றியும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் எண்ணற்றோர். காப்பியைக் கீழே கொண்டுவரக் கொழும்பு-கண்டி இருப்புப்பாதை 1867இல் முடிக்கப்பட்டது. காப்பியை மேலே விளைவித்த மனிதர்களுக்கோ நெடுங்காலம் அந்தக் காட்டுப்பாதைதான்.

காப்பியை 1869 முதல் இலைநோய் தாக்கி அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும்; பருவத்திற்கு வந்து போகும் கூட்டம் போதாது. ஆகவே மக்களைப் பெருந்தொகையாகவும் ஒழுங்காகவும் கொண்டுசெல்லும் வழி தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வழி தூத்துக்குடியாக இருந்தது.

தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை 1875-76இல் வந்தது. கரிசல் பூமியின் பருத்தி மாட்டுவண்டிகளில் துறைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) இங்கிலாந்தின் ஆலைகள் பருத்திக்குத் தவித்தமையால் திருநெல்வேலிப் பருத்திக்கு ஏற்பட்ட மவுசை முதியோர் நீண்ட நாள் நினைவில் வைத்திருந்தனர். இரயில் வந்தபின் பருத்தி விரைந்து வந்தது. பஞ்சு அழுத்தும் ஆலைகளும், பின்னர் ஹார்வி நிறுவனத்தாரின் நூற்பாலையும் எழுந்தன. கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று. அக்கப்பலில் தோட்டத் தொழிலாளரும் போயினர். கழுத்தில் எண் பொறித்த தகர வில்லை கட்டப்பட்ட மனிதர்கள்! அந்த வில்லையைக் காட்டினால் தோட்டம் வரை பயணச் செலவு துரையின் கணக்கில் எழுதப்படும். செலவு மட்டும் தொழிலாளியின் தலையில் கடனாகவோ கங்காணியின் பற்றாகவோ சுழன்று சுழன்று வந்து சேரும்.

இந்தக் கப்பல் வழியின் ஆதாயம் யாருக்கு என்ற கேள்வியைத் துணிந்து எழுப்பியவர் வ.உ.சிதம்பரனார். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தேசப்பற்றின் கதையாக மட்டுமே நம் பாடநூல்கள் சொல்கின்றன. அது பொருளாதாரக் கதையும்கூட. துறையில் ஏறும் சரக்கு நம்முடையது, சுமக்கும் தோள் நம்முடையது, போகும் பயணி நம்மவர். கட்டணம் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்திற்கு ஏன்? காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தம், அதையடுத்து மார்ச்சில் சிதம்பரனார் கைது, பிறகு சிறை. கப்பல்கள் கைமாறின. வழியை உடைமையாகக் கொண்டவனே அதன் பலனையும் உடைமையாகக் கொள்வான் என்பதை ஆட்சியாளர்களும் நன்கு அறிந்திருந்தனர்.

இவ்வேளையில்தான் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும் கடலில் கழிக்க வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலோ கடல் ஏறத்தாழ 30 கி.மீ. மட்டுமே. கடலின் மேலேயே இலங்கை வரை தண்டவாளம் போடும் எண்ணமும் இருந்தது. செலவைக் கருதி அது கைவிடப்பட்டது. பாம்பன் நீரிணைக்கு மட்டும் பாலம், அப்பால் கப்பல் என்று முடிவாயிற்று. சுமார் 2 கி.மீ. நீளமுள்ள அப்பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல்கள் ஊடே செல்ல நடுவில் இரு கைகளாகப் பிரிந்து உயரும் பகுதியை அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் முறைப்படி அமைத்தனர். நூறாண்டுகளுக்கு மேல் அந்த இரும்புக் கைகளை மனிதர்களே நெம்புகோல் பிடித்துச் சுற்றித் திறந்தார்கள், மூடினார்கள். உப்புக் காற்றில் அவ்வேலையைச் செய்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் நாம் காணவில்லை.

அதே 1914இல் இலங்கை அரசின் இருப்புப்பாதையும் மதவாச்சியிலிருந்து தலைமன்னாரை எட்டியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று அரசப் பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் இரு துறைகளையும் இணைத்தன. “போட் மெயில்” என்னும் பெயர் தமிழர் நாவில் ஏறியது. கப்பல் நின்று பல பதின்ஆண்டுகள் கழிந்தும் இராமேசுவரம் வண்டியை அப்பெயரால் அழைப்போர் இன்றும் உண்டு.

தனுஷ்கோடி வளர்ந்தது. இரயில் நிலையம், சுங்கச் சாவடி, துறைமுக அலுவலகம், அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, கோயில், தேவாலயம் என்று மணல்திட்டின்மேல் ஒரு நகரம் எழுந்தது. சுமைகூலிகளுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் வேலை கிடைத்தது. மீன் பனிக்கட்டியில் புதைந்து இரயிலேறி உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றது. இவற்றைச் சிறிய நன்மைகள் என்று நாம் ஒதுக்கமாட்டோம். ஆயினும் அந்நகரம் எதையும் விளைவிக்கவில்லை. குடிநீர் அரிதான அம்மணலில் விளைவிக்கவும் முடியாது. கடந்துபோகிறவர்களைக் கடத்திவிடுவதே அதன் ஒரே தொழில். அந்த முதியவர் சொன்ன காக்கை நமக்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது.

ஆனால் இப்பாதையின் உண்மையான கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் தனுஷ்கோடி அன்று; மண்டபம். தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதிக்க இலங்கை அரசு இங்கே ஒரு முகாமை நடத்தியது. அந்நிய அரசொன்று நம் கரையில் நடத்திய முகாம்! ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சில நாட்கள் இங்கே நிறுத்தப்பட்டனர். தடுப்பூசி குத்தினார்கள், நோயுண்டா என்று பார்த்தார்கள், பிறகு வண்டியேற்றினார்கள். முதல் வகுப்புப் பயணிகள் தம் பெட்டியிலிருந்து இறங்கி நேரே கப்பலேறிய அதே பாதையில்தான் இதுவும் நடந்தது. காட்டுவழியில் மடிந்த தலைமுறையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. எனினும் முகாமில் வரிசையில் நின்றவர்கள் எந்த மாவட்டங்களிலிருந்து வந்தனர்? அப்பாதை ஊடறுத்துச் சென்ற வறண்ட மாவட்டங்களிலிருந்துதான். கண்மாய்கள் தூர்ந்து, மழை பொய்த்து, நிலம் அடகுபோன ஊர்களின் அருகே இரயில் நின்றது. அது அவ்வூர்களுக்குத் தொழிலைக் கொண்டுவரவில்லை. அவ்வூர்களின் கைகளைத் தேயிலை மலைகளுக்குக் கொண்டுபோயிற்று. 1921இல் கங்காணிகளின் துண்டுக் கடன்முறை ஒழிக்கப்பட்டது; 1939இல் இந்திய அரசு தொழிலாளர் செல்வதற்கே தடை விதித்தது. இடைப்பட்ட காலத்தில் இராமநாதபுரத்தின் மிகப் பெரிய ஏற்றுமதி மனிதர்களே என்றால் மிகையாகாது.

அவர்கள் அனுப்பிய பணத்தால் சில வீடுகளில் ஓடு ஏறியது, சில நிலங்கள் மீண்டன என்பதை மறுப்பதற்கில்லை. இருப்பினும் ஒரு வட்டாரம் தன் இளையோரை அனுப்பிவிட்டு அவர்களின் மிச்சச் சில்லறையில் வாழ்வதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்ட நமக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடி என்ன ஆயிற்று? தபாலும் பயணிகளில் பெரும்பகுதியும் பறிபோயின. ஒரு சிறிய ஊராயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தூத்துக்குடி முடியவில்லை. காரணம், அங்கே கடந்துபோவதற்கு மட்டுமன்றி, இருந்து செய்வதற்கும் வேலை இருந்தது. பின்னே கரிசல் நிலம், முன்னே உப்பளங்கள், நடுவில் ஆலை. எல்லாவற்றிற்கும் மேலாகத் தோணிகள். கடல் ஆழமற்றதாகையால் பெரிய கப்பல்கள் கரையை அணுகாமல் பல கல் தொலைவில் நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகளே. இவை தவிர, பாய்விரித்துக் கொழும்புக்கே செல்லும் பெருந்தோணிகளும் இருந்தன. அரிசியும் வெங்காயமும் மிளகாயும் ஓடும் ஏற்றிச் சென்றன. அவற்றைக் கட்டிய தச்சர் உள்ளூரார். ஓட்டிய தண்டல் உள்ளூரார். உடைமையாளர்களிலும் பலர் பனிமய மாதாவின் தங்கத்தேரை வடம்பிடித்து இழுக்கும் பரதவக் குடும்பத்தினர். இரயில் நிறுவனம் தன் கால அட்டவணையை மாற்றியதும் நின்றுபோகிற தொழிலன்று அது. கொழும்பு வணிகம் மங்கியபின் அத்தோணிகள் மாலத்தீவு நோக்கித் திரும்பின. காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு நம் காலம் வரையிலும் போய்வந்திருக்கின்றன. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயராக பிரான்சிஸ் திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றபோது, தன் கால்களில் நிற்கத் தெரிந்த ஒரு கடற்கரை நகரே அவருக்கு இருக்கையாக அமைந்தது.

இவ்விரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், பாலமோ இரயிலோ வட்டாரத்தை வளர்க்குமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வது அறியாமை எனத் தோன்றுகிறது. வழி வருவதற்கு முன்பே அங்கே என்ன இருந்தது, அது யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1964ஆம் ஆண்டு இக்கரைக்கு இரட்டை ஆண்டாக வந்தது. அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வதென்றும் முடிவு செய்தனர். தேங்காய் பங்கிடுவதுபோல் மனிதர்களைப் பங்கிட்ட அந்த உடன்படிக்கைக்கு எட்டாவது வாரத்தில் கடல் எழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கி வந்த பயணிகள் வண்டி, ஊரை எட்டும் முன்பே அலையில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரில் எத்தனை பேர் என்று சரியாகக் கணக்கிட்டவர் எவரும் இல்லை.

பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்களையும் கடல் பெயர்த்தது. பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் தலைமையில், கடலுக்குள் விழுந்தவற்றையே மீட்டெடுத்து, 46 நாட்களில் அதைச் சீராக்கினர். இன்றைக்கும் வியந்து பேசப்படும் சாதனை அது, நாமும் வியக்கிறோம். தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. கடல் அப்படி இருக்கையில் அம்முடிவைக் குறைகூற முடியாது. ஆனால் ஒன்றைக் குறித்துவைக்கலாம்: கப்பல் இராமேசுவரத்திற்கு மாறியது, இரயில் அங்கேயே நின்றுகொண்டது, இடைவழியாக இருந்த ஊர் இல்லாமலே பயணம் நடந்தது. ஐம்பதாண்டு வாயிலாக இருந்தும் தனக்கென்று எதையும் சேர்த்துக்கொள்ளாத ஊரை யாரும் தேடவில்லை.

அப்பால் இருபதாண்டுகள் அதே வழி எதிர்த்திசையில் ஓடியது. தலைமன்னாரில் ஏறிய மலையக மக்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு ‘தாயகம்’ திரும்பினர். பாட்டனும் பாட்டியும் வரிசையில் நின்ற மண்டபத்திலேயே பேரப்பிள்ளைகளும் வந்து நின்றனர். சிலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் கொடைக்கானல் மலைகளுக்கு. சிலர் பேரறியாத சமவெளி ஊர்களுக்கு. 1984இல் போர்ச்சூழலால் கப்பல் நின்றது. அதற்குள் படகுகளில் அகதிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் மண்டபம் முகாமே. அங்கே பிறந்து, அங்கேயே மணமுடித்து, தம் பிள்ளைகளுக்கும் அங்கேயே ஞானத்தீட்சை பெற்றவர்களை நம் பங்குகள் அறியும்.

பாதையின் மறுமுனையும் இதே கதைதான். மடுமாதா திருப்பதிக்குச் செல்லும் திருப்பயணிகள் மடு றோட் நிலையத்தில் இறங்கி நடந்த காலம் ஒன்று இருந்தது. 1990இல் போரினால் தலைமன்னார்ப் பாதை அழிந்தது. இந்திய உதவியோடு மீண்டும் போடப்பட்ட தண்டவாளம் 2013இல் மடு றோட்டையும் 2015இல் தலைமன்னாரையும் தொட்டது. வண்டி இப்போது தலைமன்னார் வரை வருகிறது; கப்பல்தான் இல்லை. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விடப்பட்ட பயணிகள் கப்பல் சில மாதங்களே ஓடி நின்றது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒன்று தொடங்கியது. பழைய குறுகிய வழி மட்டும் காத்துக்கிடக்கிறது.

தூத்துக்குடியில் புதிய துறைமுகம் 1974 ஜூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் கல்லணைகள் நீட்டிக் கட்டப்பட்ட செயற்கைத் துறைமுகம் அது. கப்பல்கள் இப்போது கரையோடு வந்து அணைந்தன. உர ஆலை, அனல் மின்நிலையம், வேதிப்பொருள் தொழிற்சாலைகள் வந்தன. திருப்பூரின் பின்னலாடைகளும் இவ்வழியே போயின. வட்டார வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் சுட்டுவதற்குத் தகுந்த துறைமுகம்தான். ஆனால் கப்பல் கரைக்கே வந்துவிட்டபின் சரக்கேற்றும் தோணிக்கு என்ன வேலை? தலைமுறைகளாக அத்தொழிலில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வேறு பிழைப்புத் தேடினர். கல்லணைகளுக்கு அப்பால் நீரோட்டம் மாறியதைப் பற்றியும், வெந்நீரும் சாம்பலும் கடலில் கலப்பதைப் பற்றியும் மீனவர் சொல்வதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. துறைமுகத்தில் அவர்களின் பிள்ளைகள் சிலர் எழுத்தர்களாகவும் பளுதூக்கி இயக்குபவர்களாகவும் ஆனார்கள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாம்பனுக்கு மீண்டும் வருவோம். 1988 அக்டோபர் 2ஆம் நாள் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. 1974இல் அடிக்கல் நாட்டி, பதினான்கு ஆண்டுகள் இழுத்தடித்த பணி. இரயிலைவிடச் சாலை இத்தீவை ஆழமாக மாற்றியது என்பது நம் கணிப்பு. இரயில் தன் நேரத்திற்கு வரும்; லாரியோ மீன் கரையேறும் நேரத்திற்கு வரும். காலையில் பிடித்த இறாலும் நண்டும் அன்றே பாலம் கடந்தன. பாம்பன், தங்கச்சிமடம் ஊர்களில் மாடிவீடுகள் எழுந்தன. பிள்ளைகள் மதுரைக்கும் திருச்சிக்கும் படிக்கப் போயினர். அதே லாரி விசைப்படகுகளின் பசியையும் வளர்த்தது. நல்ல விலை கிடைக்கக் கிடைக்கப் படகுகள் பெருகின. படகுகள் பெருகப் பெருக மீன் அருகியது. மீனைத் தேடி எல்லை தாண்டியவர்கள் சிறைப்பட்டனர். நாட்டுப்படகுக்காரரும் விசைப்படகுக்காரரும் ஒரே ஆலயத்தில் முழந்தாளிட்டுவிட்டு, கடலில் ஒருவரையொருவர் குறைசொல்லும் நிலை வந்தது. சாலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வலையின் கண்ணளவை அது தீர்மானிப்பதில்லை. விலையைத் தீர்மானிப்பவர்களைக் கரைக்கு மிக அருகில் கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவே.

2018இல் நடுவண் அரசின் நிதி ஆயோக் வளர்ச்சியில் பின்தங்கி, முனைந்து முன்னேற்ற வேண்டிய மாவட்டங்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். 1910இல் அமைக்கப்பட்டு 1985 வரை நீடித்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதிகள்தாம் இரண்டும். இந்தியாவின் புகழ்பெற்ற பாலம் ஒன்று அம்மாவட்டத்தில் நூற்று நான்கு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது.

2022 டிசம்பரில் துருவேறிய பழைய பாலத்தில் இரயில் நிறுத்தப்பட்டபோது, வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. இரண்டேகால் ஆண்டுக்கு மேல் அப்படியே. இராமேசுவரம் போவோர் மண்டபத்தில் இறங்கிப் பேருந்தையும் ஆட்டோவையும் தேடினர். தீவிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளும் மாணவர்களும் பட்ட இன்னல் பெரிது. மண்டபத்தின் சிறுகடைகளில் அக்காலத்தில் வியாபாரம் சற்றுச் சூடாக இருந்தது என்று அங்குள்ள ஒருவர் நம்மிடம் சொன்னார். புதிய பாலம் திறந்ததும் வண்டி மண்டபத்தில் நின்று, இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறது என்றார்.

தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை போட்டார்கள். அதுவரை மணலில் ஜீப்பும் வேனும் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அது இடி. சங்கும் சோழியும் பொரித்த மீனும் விற்கும் பெண்களுக்கு அது வரவு. மாலையானால் சுற்றுலாப் பயணிகளைக் காவலர் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். கார்கள் வரிசையாக இராமேசுவரம் நோக்கித் திரும்பியபின், ஓலைக் குடிசைகளில் தங்கியிருக்கும் மீனவக் குடும்பங்கள் இருள்வதற்குள் மணலைத் தோண்டி ஊற்றுநீர் இறைக்கின்றன. நாம் திரும்பியபோது, கூரையற்ற தேவாலயத்தின் பக்கமாக ஒரு பெண் குடத்தோடு நடந்துபோய்க்கொண்டிருந்தார்.